பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை

தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தை அடுத்து, கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே பரந்து கிடக்கும் கரிசல் பூமியில் இருந்த பாளையக்காரர் கோட்டை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தலைமையிடம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1799இல் இதைத் தகர்த்தது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் ஊர்மக்களும் மறுபடி எழுப்பினார்கள். மே மாதத்தில் அதுவும் தரைமட்டமானது. இன்று அங்கே நிற்பது தமிழ்நாடு அரசு 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை.

பழைய கோட்டை கல்கோட்டை அன்று, மண்கோட்டை. ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம்; மூலைமுடுக்கெல்லாம் கொத்தளங்கள்; சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. மண்சுவர் என்று இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. குண்டு பட்டால் கல்சுவர் பிளந்து சரியும். கனத்த மண்சுவர் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். இடிந்த இடத்தை இரவோடு இரவாக அடைத்துவிடவும் முடியும்.

1783இல் கம்பெனிப் படையின் கர்னல் புல்லர்ட்டன் ஒருமுறை இக்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் கட்டபொம்மனின் தந்தை. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் படையுடன் வந்து முற்றுகையிட்டார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்களின் கண்முன் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் கம்பெனி ஆணையிட்டது. பாஞ்சாலங்குறிச்சி மண்மேடானது.

கோட்டையின் வரலாற்றில் தலையாய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் அவர் சகோதரர் செவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, இடித்துப் போட்ட சுவர்கள் மறுபடி எழுந்து நின்றன. சுவர்மேல் வீரர்களும் நின்றார்கள். அந்தப் போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, இதைக் கண்டு தாங்கள் திகைத்துப்போனதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மழைக்காலம் கழிந்து ஊருணிகளில் இன்னும் தண்ணீர் கிடக்கும் பருவம் அது. மண்ணும் நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனாலும், தலைவனைத் தூக்கிலிட்ட பகைவன் எந்நேரமும் திரும்பி வருவான் என்று தெரிந்தே சில நாள்களில் ஒரு கோட்டையை எழுப்ப, கூலிக்கு வரும் கை போதாது. இரண்டாம் உலகப் போரில் தகர்க்கப்பட்ட வார்சாவின் பழைய நகரைப் போலந்து மக்கள் போர் ஓய்ந்த பின்னர் கட்டினார்கள். பாஞ்சாலங்குறிச்சி மக்களுக்கு அந்த அவகாசமும் வாய்க்கவில்லை.

மார்ச் 31 அன்று மெக்காலே நடத்திய தாக்குதல் பெரும் உயிர்ச்சேதத்தோடு தோற்றது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் பீரங்கிகளோடும் வந்த பிறகே, மே 24 அன்று கோட்டை விழுந்தது. ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார்; பின்னர் பிடிபட்டு, நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். இனி யாரும் அங்கே குடியேறக் கூடாது என்று கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாக வரலாற்று நூல்கள் கூறும்.

மண்ணை உழுதவர்களால் நினைவை உழ முடியவில்லை. கரிசல் ஊர்களில் கட்டபொம்மு கதைப்பாடல் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது; ஆய்வாளர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். ம.பொ.சி. எழுத்திலும் மேடையிலும் கட்டபொம்மனை விடுதலை வீரராக நிலைநிறுத்தினார். 1959இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக நடித்த படம் அந்தப் பெயரை எல்லா ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கயத்தாறில் தூக்கிலிட்ட இடத்தருகே சிவாஜி தம் செலவில் நிலம் வாங்கி 1970இல் சிலை எழுப்பினார்.

1974இல் எழுந்த நினைவுக் கோட்டையில் போர்க் காட்சிகளைத் தீட்டிய ஓவிய மண்டபம் உண்டு. கட்டபொம்மனின் குலதெய்வமான வீரசக்கதேவிக்கு இங்கே கோயில் இருக்கிறது; சித்திரைத் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து மக்கள் திரளுகிறார்கள். தியாகத்துக்கு ஓர் அரசு செய்த மரியாதை என்ற அளவில் இக்கட்டடம் போற்றத்தக்கது. ஆனால் இது பழைய மண்கோட்டையின் நகல் அன்று. தொல்லியல் துறையினர் வெளிக்கொணர்ந்த மூலக் கோட்டையின் அடித்தளம் அருகிலேயே கிடக்கிறது. போர்களில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஓவிய மண்டபத்தோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளை அந்த அடித்தளத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.