திறைசேரியின் திறவுகோல்

ஒரு நாட்டை உண்மையில் ஆள்வோர் யாவர் என்று அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் படைகளையும் நோக்கவேண்டியதில்லை. பொதுப்பணத்தைச் செலவிட இசைவு தரும் உரிமை யாரிடம் உள்ளது என்று வினவினாலே போதும். வரியிறுக்கும் மக்கள் தம் பிரதிநிதிகளின் வாயிலாகத் திறைசேரியின் திறவுகோலைத் தம் கையில் வைத்திருத்தலே மக்களாட்சியின் உயிர்நிலை. ஆனால் அத்திறவுகோலுக்காகக் கட்சிகள் போராடும்போது திறைசேரியின் கதவே அடைபட்டுவிடும் அபாயமும் உண்டு. அவ்வாறு ஒரு நாள் நெருங்கி வந்ததும், அந்நாளில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் இருந்த நிலையும் இலங்கை வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்க ஓர் அத்தியாயமாகும்.

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் ஒப்படைக்கின்றது. வரிப்பணமும் பிற வருமானமும் திரட்டு நிதி எனப்படும் பொதுப் பெட்டியைச் சேர்கின்றன. ஆண்டுதோறும் பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றிய பின்னரே அதிலிருந்து செலவுக்குப் பணம் பெறலாம். நிதியாண்டு சனவரி முதலாந் திகதி பிறக்கின்றது. அதற்குள் முழுமையான வரவு செலவுத் திட்டம் நிறைவேறாவிடின், சில மாதங்களுக்கு மட்டும் செலவை அனுமதிக்கும் இடைக்காலக் கணக்கறிக்கையேனும் நிறைவேறுதல் வேண்டும். இரண்டும் இல்லையாயின் ஆசிரியரின் சம்பளம், மருத்துவமனையின் மருந்து, தபாற்கந்தோரின் ஊதியம் ஆகிய யாவும் கேள்விக்குறியாகிவிடும்.

இத்திறவுகோலுக்கான போராட்டம் இத்தீவில் நெடுங்காலத்திற்கு முன்னரே தொடங்கியது. மலைநாட்டில் காப்பி செழித்திருந்த காலத்தில், படைச் செலவின் சுமையை இலங்கையின் வருமானத்தின் மீது ஏற்றவேண்டுமென இலண்டன் வற்புறுத்தியது. சட்டநிருபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர் 1864 ஆம் ஆண்டில் அதனை எதிர்த்துப் பதவி துறந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜோர்ஜ் வால் காப்பித் தோட்டத் தொழிலோடு தொடர்புடைய வணிகர். அடுத்த ஆண்டில் அவர்கள் இலங்கைச் சங்கம் என்னும் அமைப்பை நிறுவிப் பொதுப்பணத்தின் மீது சபைக்கு உரிமை வேண்டுமெனக் கோரினர். தம் பணம் தம்மைக் கேளாது செலவிடப்படுகின்றது என்று முறையிட்ட அம்முதலாளிமார், தம் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் கூலிகளின் உரிமையைப் பற்றி யாதும் எண்ணினாரில்லை. அக்காலத்தில் அஃது எவர் சிந்தையிலும் தோன்றாத ஒன்று.

1924 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் சபையில் உத்தியோகப்பற்றற்றவர்களுக்குப் பெரும்பான்மையை அளித்தது. ஆயினும் ஆட்சிப் பொறுப்பு தேசாதிபதியிடமும் அவருடைய உத்தியோகத்தரிடமுமே இருந்தது. செலவைத் தடுக்கும் வல்லமை ஒருபுறம், செய்து முடிக்கும் பொறுப்பு மறுபுறம் எனப் பிரிந்திருந்த அந்நிலையை, பின்னர் வந்த டொனமூர் ஆணைக்குழு பெருங்குறையெனச் சுட்டிக்காட்டியது. பொறுப்பற்ற அதிகாரமும் அதிகாரமற்ற பொறுப்பும் ஒருங்கே இருக்குமிடத்தில் கருமம் நடவாது. ஒரு நூற்றாண்டின் பின்னரும் இந்த உண்மை மாறவில்லை என்பதைக் காண்போம்.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளரின் வாக்கினால் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். அந்த வாசல் விரைவில் அடைக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. தேயிலை ஏற்றுமதி வரி அந்நாளில் திறைசேரிக்குப் பெரும் ஊற்றாக இருந்தது. அவ்வூற்றைத் தம் வியர்வையால் நிரப்பியவர்களுக்கு, அந்த நீர் எவ்வயலுக்குப் பாயவேண்டும் என்று கூற ஒரு வாக்கும் இல்லை.

வரவு செலவுத் திட்டம் ஓர் ஆட்சியையே அசைக்க வல்லது என்பதை 1953 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு யூலை மாதத்தில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனா சமர்ப்பித்த திட்டம், பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. கடைகள் மூடின, இரயில்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். 1962 இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் தம் கட்சியினரின் எதிர்ப்பினால் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. கூப்பன் அரிசியை நம்பி வாழ்ந்த லயன் குடும்பங்களையும் இம்மாற்றங்கள் பாதித்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்காக எந்த அமைச்சரும் அவர்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

1977 ஆம் ஆண்டில் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மீண்டும் தெரிவானார். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் இறுதிச் சட்டங்களுள் ஒன்று 2003 ஆம் ஆண்டில் நிறைவேறியது. இதற்கிடையே, 1970 களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன் பின்னர் மலைநாட்டுச் சிறுவனின் கல்வியும் திரட்டு நிதியோடு பிணைக்கப்பட்டது. ஆகவே, கொழும்பில் திறைசேரி அடைபட்டால் அட்டனிலும் மஸ்கெலியாவிலும் பள்ளிக்கூட மணி ஒலிக்குமா என்ற வினா எழக்கூடிய காலம் வந்தது.

அவ்வினா 2018 ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்தது. ஒக்டோபர் 26 ஆந் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார். பாராளுமன்றக் கூட்டத்தொடர் இடைநிறுத்தப்பட்டது. நவம்பர் 5 ஆந் திகதி வாசிக்கப்படவிருந்த 2019 ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்ட உரை வாசிக்கப்படாமலே போயிற்று. நவம்பர் 9 இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். 13 இல் உயர் நீதிமன்றம் அக்கலைப்பை இடைநிறுத்தியது. மறுநாள் கூடிய சபை புதிய அரசாங்கத்தின் மீது நம்பிக்கையில்லை எனத் தீர்மானித்தது. அத்தீர்மானம் செல்லாது என மறு அணியினர் வாதிட்டனர்.

அப்பொழுதுதான் பாராளுமன்றப் பெரும்பான்மை தன் பழைய ஆயுதத்தைக் கையில் எடுத்தது. நவம்பர் 29 ஆந் திகதி, பிரதமரின் செயலாளர் பொதுப்பணத்தைச் செலவிடுவதைத் தடுக்கும் பிரேரணை 123 வாக்குகளால், எதிர்ப்பு வாக்கின்றி நிறைவேறியது. மறுநாள் அமைச்சர்களின் செலவுக்கும் அவ்வாறே தடை விதிக்கப்பட்டது. ராஜபக்ஷ அணியினர் நிலையியற் கட்டளைகள் மீறப்பட்டன என்று கூறிச் சபையைப் புறக்கணித்தனர். டிசம்பர் 3 ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்பிரதமரும் அமைச்சர்களும் பதவியிற் செயற்படுவதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. நாட்டில் ஜனாதிபதி இருந்தார், பாராளுமன்றம் இருந்தது, அமைச்சரவை இல்லை. பணப் பிரேரணையைச் சபையில் முன்வைக்கும் உரிமை அமைச்சருக்கே உரியது. அமைச்சர் இல்லாதபோது ஆண்டுப் பிறப்புக்கு முன்னர் அதனைக் கொண்டுவருவார் யார்? சனவரி 14 ஆந் திகதி நூறு கோடி அமெரிக்க டொலர் கடன் முறிக்குப் பணம் திருப்பவேண்டியிருந்தது. உலகின் மூன்று பெரிய கடன் தரமிடும் நிறுவனங்களும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் தரத்தைக் குறைத்தன.

இந்நாட்களில் மலைநாடு அமைதியாக இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி 500 ரூபா. பிற கொடுப்பனவுகள் யாவும் கிடைத்தால் 730 ரூபா. அவ்வொப்பந்தம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் எனக் கோரி, ஒக்டோபர் 24 ஆந் திகதி மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடை அணிந்து கொழும்புக் காலிமுகத் திடலில் திரண்டனர். இரண்டே நாளில் பிரதமர் மாற்றப்பட்டார். நாட்டின் கவனம் முழுவதும் திசை திரும்பியது. டிசம்பர் 4 ஆந் திகதி இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் அழைப்பில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அமைச்சர்கள் செயலிழந்த மறுநாளே அது தொடங்கியமையைக் கவனித்தல் வேண்டும். கொழுந்து முற்றிய மலைகளில் வேலை நின்றது. பேர் விழாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. இரு தரப்பினரையும் ஒரு மேசையில் இருத்திப் பேசவைக்க அதிகாரமுடைய தொழில் அமைச்சர் ஒருவர் அன்று நாட்டில் இல்லை.

மலையகப் பிரதிநிதிகளும் இரு கூறாயினர். தமிழ் முற்போக்குக் கூட்டணி விக்கிரமசிங்கவின் அணியில் நின்றது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ராஜபக்ஷவின் அணியை ஆதரித்தது. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் அச்சபையில் குரலே இல்லாதிருந்த மக்களுக்கு அன்று இரு பக்கத்திலும் குரல் இருந்தது. சிறு பெரும்பான்மைக்காக இரு அணிகளும் போட்டியிட்ட வேளையில் அவ்வாக்குகளுக்குப் பெருமதிப்பும் இருந்தது. அம்மதிப்பு நாட்சம்பளமாக மாறவில்லை என்பதே வருந்தத்தக்கது.

டிசம்பர் 13 ஆந் திகதி உயர் நீதிமன்றத்தின் எழுவர் கொண்ட ஆயம், பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. 16 ஆந் திகதி விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானார். 21 ஆந் திகதி, 2019 ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குரிய இடைக்காலக் கணக்கறிக்கை 102 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக அளிக்கப்பட்டவை 6. ஆண்டு பிறப்பதற்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. கதவு அடைபடுவதற்கு முன்னர் திறவுகோல் திரும்பிற்று.

அதற்கு மறுநாள், டிசம்பர் 22 இல், உலகின் மிகப் பெரும் செல்வ நாட்டில் கதவு அடைபட்டது. எல்லைச் சுவருக்கான பணம் குறித்து ஜனாதிபதி டிரம்புக்கும் காங்கிரசுக்கும் எழுந்த பிணக்கினால் அமெரிக்காவின் அரசாங்க அலுவலகங்களுள் ஒரு பகுதி 35 நாட்கள் முடங்கியது. ஏறக்குறைய 8 இலட்சம் ஊழியர் உரிய வேளையில் ஊதியம் பெறவில்லை. பிரித்தானிய முறையைத் தழுவிய நாடுகளில் பணம் மறுக்கப்பட்டால் வீழ்வது அமைச்சரவை. இலங்கையின் அரசியலமைப்பும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்றால் அமைச்சரவை கலையும் என்றே விதிக்கின்றது. அவுஸ்திரேலியாவில் 1975 ஆம் ஆண்டு செனற் சபை பணத்தைத் தடுத்து வைத்ததன் முடிவில், நவம்பர் 11 ஆந் திகதி பிரதமர் விற்லம் பதவி நீக்கப்பட்டார். அமெரிக்காவிலோ ஆட்சியாளர் இருந்தபடியே இருக்க, அலுவலகங்கள் மூடுகின்றன. ஆட்சியாளரின் தவறுக்கு முதல் முறையில் ஆட்சியாளரே விலை கொடுக்கின்றனர். இரண்டாவதில் ஊழியரும் பொதுமக்களும் கொடுக்கின்றனர். 2018 இல் இலங்கை நின்றது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விளிம்பில் எனலாம்.

நெருக்கடி தீர்ந்த பின்னர், 2019 சனவரி 28 ஆந் திகதி கொழும்பு அலரி மாளிகையில் புதிய கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. விலைப் பங்குக் கொடுப்பனவுடன் 750 ரூபா. கோரிய ஆயிரம் கிட்டவில்லை. 2020 ஆம் ஆண்டிலும் பணத்தின் திறவுகோல் குறித்த தகராறு மீண்டும் எழுந்தது. ஏப்ரல் வரைக்குமே இடைக்காலக் கணக்கறிக்கை இருந்த நிலையில் மார்ச் 2 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பெருந்தொற்றினால் தேர்தல் ஓகஸ்ட் வரை பிற்போடப்பட்டது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 150 ஆம் உறுப்புரையின் கீழ்த் தாமே செலவுக்கு அதிகாரம் அளித்தார். அவ்வுறுப்புரை அவ்வளவுக்கு இடந்தராது என எதிரணியினர் வாதிட்டனர். அலுவலகங்களுக்குப் பணம் தடைப்படவில்லை. ஆயினும் மக்கட் சபை கூடாமலே பொதுப்பணம் பல மாதங்கள் செலவாயிற்று. கதவு அடைபடுவது ஒரு தீங்காயின், காவலர் இன்றித் திறந்து கிடப்பது மற்றொரு தீங்கு.

பின்னர் வந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் வரவு செலவுத் திட்ட உரையிலேயே இடம்பெறத் தொடங்கியது. 2020 நவம்பரில் நிதியமைச்சராகவும் இருந்த பிரதமர் மகிந்த ராஜபக்ஷவின் உரையில் ஆயிரம் ரூபா முன்மொழியப்பட்டு, 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வாயிலாக வர்த்தமானியில் வெளிவந்தது. 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, அடிப்படைச் சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ஆக்கி, அரசாங்கமே நாள் ஒன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கும் என அறிவித்தார். கம்பெனிகளின் தொழிலாளருக்குப் பொதுப்பணத்தை வழங்கலாமா என்ற வாதமும் உடன் எழுந்தது. அவ்வாதத்தின் நியாயம் எதுவாயினும், அது நடந்த இடம் மக்கட் சபை என்பதே கருதத்தக்கது.

ஏழு பிரதிநிதிகள் புகுந்து வெளியேற்றப்பட்ட அதே சபையின் கணக்கேட்டில், கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் ஒரு வரியாக எழுதப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது. அந்த வரி ஆண்டுதோறும் நிலைப்பதற்கு வாக்குரிமை மட்டும் போதாது. திறவுகோலுக்காகப் போராடுவோர் எக்கட்சியினராயினும், கதவுக்கு வெளியே காத்திருப்போரை மறவாதிருத்தல் வேண்டும். 2018 டிசம்பரில் பேர் விழாத நாட்களை மலைநாடு எண்ணிக்கொண்டிருந்தது; அக்கணக்கு எந்தத் தரப்பின் ஏட்டிலும் பதியப்படவில்லை.