செக்ரோலும் தகரத் துண்டும்

பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கணினித் தகவல் முறைமைகளை நிறுவுவது ஏன் என்று கேட்டால், முகாமைத்துவத் துறையினர் தரும் விடை ஒன்றுதான்: போட்டியாளனை முந்துவதற்கு. இதைக் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். கண்டி மலைகளின் வரலாற்றைப் படித்தவன் என்ற வகையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை மலையெங்கும் பரவியது. தோட்டங்கள் பல கம்பனிகளின் உடைமையாயின. பங்குதாரர் இலண்டனில், முகவர் நிறுவனம் கொழும்பில், துரை மலையில். இம்மூவரையும் இணைத்தது கணக்கேடுதான்.

அதிகாலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கப்படும். மாலையில் கொழுந்து நிறுக்கப்படும். நிறை குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை எழுதிய விபரங்கள் செக்ரோலில் ஏறும். அதிலிருந்து உருவான மாதக் கணக்கு கொழும்புக்குப் போகும். பல தோட்டங்களை நிருவகித்த முகவர் நிறுவனம், ஓர் இறாத்தல் தேயிலைக்கு எங்கே செலவு கூடியது, எங்கே குறைந்தது என்று அங்கிருந்தபடியே ஒப்பிட்டுப் பார்க்கும்.

தோட்டங்களிடையே கடும் போட்டி நிலவியது ஆட்களுக்காகவே. தோட்டத்துரைமார் 1854இலேயே கண்டியில் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள். ஆயினும் ஒருவர் தோட்டத்து ஆட்களை மற்றவர் இழுத்துக்கொள்வது ஓயவில்லை. இதற்குள் பிறந்ததுதான் 'துண்டு'. கங்காணியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவனது ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். ஆட்களோடு கடனும் அங்கே குடிபெயரும். 1901இல் தகரத் துண்டு வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. தமிழகத்திலிருந்து புறப்பட்டவர் எந்தத் தோட்டத்துக்குரியவர், வழிச்செலவு யார் கணக்கில் என்பதை அதுவே சொல்லிற்று. கடன் துண்டைச் சட்டம் 1921இல்தான் ஒழித்தது.

இத்துணை நுட்பமான முறைமையில் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்களில் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும், 1946 ஜனவரி 1க்கு முன் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. நாள்தோறும் பேர் எழுதப்பட்ட மக்கள், தாம் இங்கு வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று தேடி அலைந்தனர். அவர்கள் பறித்த கொழுந்தை இறாத்தல் கணக்கில் அறிந்திருந்த ஏடுகள் தோட்ட அலுவலகத்தில் இருந்தன, லயத்தில் இருக்கவில்லை.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. இன்று சிலவற்றில் மின்னணுத் தராசு கொழுந்தை நிறுக்கிறது; விபரம் நேரே கணினிக்குப் போகிறது. கணக்குப்பிசகு குறையுமானால் நல்லதே. ஆனால் புதிய முறைமை எதைப் பார்த்தாலும் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுண்டு: யாரைப் பற்றிய பதிவோ, அவர் கையில் அதன் பிரதி ஒன்று இருக்கிறதா?