அல்வா வந்த வழி

குற்றாலச் சாரலில் நீராடித் திரும்புவோர் அங்குள்ள மிட்டாய்க்கடைகளில் நெல்லை அல்வா வாங்காமல் ஊர் மீள்வது அரிது. இனிமையைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லில் பிறந்தது 'ஹல்வா'. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். 1226இல் பக்தாதில் தொகுக்கப்பெற்ற சமையல் நூலொன்று ஹல்வாவுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது.

நெல்லையில் அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தவர்களோ வடக்கிலிருந்து வந்து குடியேறிய இராஜபுத்திரர்கள். நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே, மங்கிய விளக்கொளியில் மாலை வேளையில் வணிகம் செய்ததால் அவர்கள் கடைக்கு 'இருட்டுக்கடை' என்றே பெயர் நிலைத்தது.

சொல் அரபு, கைப்பக்குவம் வடவருடையது, தண்ணீர் தாமிரபரணி. கோதுமைப்பாலும் சர்க்கரையும் நெய்யும் பதமாகச் சேர்ந்தபின் ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க இயலுமா? நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாய்க் கலந்து வாழும் மக்களும் அவ்வாறே.