மட்டாஞ்சேரியின் இரண்டு மடிப்புகள்

மட்டாஞ்சேரியில் யூதத் தெருவிலிருந்து கொச்சங்காடி செம்பிட்ட பள்ளிவரை நடந்தே போய்விடலாம். யூதத் தெருவின் கோடியில் 1568இல் எழும்பிய பரதேசி யூதர் ஜெபாலயம் நிற்கிறது. செம்புக் கூரையால் பெயர் பெற்றது செம்பிட்ட பள்ளி என்னும் பள்ளிவாசல். அதைச் சூழ வாழ்ந்த நைனா குடும்பங்கள் தங்கள் வேர் காயல்பட்டினம் என்பார்கள். அதனால் இந்த ஒப்பாய்வில் தமிழ் வாசகருக்கும் கொஞ்சம் உறவுமுறை உண்டு.

இந்த இரண்டு தெருக்களின் அடுப்பிலிருந்தும் இரண்டு பண்டங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சமூசா, மற்றது கொச்சி யூதர்களின் பாஸ்டல். இரண்டுமே மைதா மாவுக்குள் மசாலா பூரணம் வைத்து எண்ணெயில் பொரிப்பவை. அரபு வீடுகளில் இதே சாதிப் பண்டத்துக்குச் சம்பூசக் என்று பெயர். அருகருகே வைத்துப் பார்த்தால் இவை அண்ணன் தம்பி போலத் தெரியும். கையில் எடுத்து மடிக்க ஆரம்பித்தால்தான் எவ்வளவு வேறானவை என்று விளங்கும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பாரசீகச் சொல் ஒன்று அரபியில் சன்பூசக், சன்பூசஜ் என்று மாறி, இந்தியா வந்து சமோசா ஆனது. மலையாளத்தில் சமூசா, நம் ஊர் டீக்கடையில் சம்சா. பாஸ்டல் என்ற பெயரோ ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளுக்குச் சொந்தம். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்களில் சிலர் கொச்சியில் கரையேறினார்கள். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரேரா த பாய்வா, இங்கிருந்த பரதேசி யூதக் குடும்பங்கள் எங்கெங்கிருந்து வந்தவை என்று எழுதி வைத்திருக்கிறார். அதில் ஸ்பெயினும் உண்டு, சிரியாவின் அலெப்போவும் உண்டு. ஒரே ஜெபாலயத்தில் ஐபீரிய நாக்கும் அரபு நாக்கும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

பெயரை வைத்து முடிவு கட்டினால் சமூசா அரபு வழி, பாஸ்டல் ஐரோப்பிய வழி என்று சொல்லிவிடலாம். வடிவம் அதற்கு ஒத்துவருவதில்லை. பாஸ்டல் பிறைநிலா வடிவம். வட்டமாகத் தேய்த்த மாவில் பூரணம் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை விரலால் மடிப்பு மடிப்பாகக் கிள்ளுகிறார்கள். நம் தீபாவளிச் சோமாசியை நினைத்துக்கொண்டால் போதும், இனிப்பு மட்டும் இருக்காது. இன்றைக்கு லெபனானிலும் சிரியாவிலும் வீட்டில் செய்யும் சம்பூசக் பெரும்பாலும் இந்தப் பிறைதான். ஈராக்கிய யூதர்கள் கொண்டைக்கடலையை மசித்து, வெங்காயம், சீரகம், மஞ்சள் சேர்த்து உள்ளே வைப்பதும் இதே பிறைக்குள்தான். மட்டாஞ்சேரி சமூசாவோ முக்கோணம். மெல்லிய பட்டையை மூலைக்கு மூலை மடித்து, மைதாப் பசையால் ஒட்டிச் செய்வது.

அப்படியானால் சமூசாவின் முக்கோணம் எங்கிருந்து வந்தது? 1226இல் பாக்தாதில் முகம்மது பின் ஹசன் அல்-பக்தாதி தொகுத்த சமையல் நூலில் சன்பூசஜ் செய்முறை இருக்கிறது. மெல்லிய ரொட்டியைப் பட்டைகளாக வெட்டி, மசாலா இறைச்சியை வைத்து, முக்கோணமாக மடித்து, மாவால் ஒட்டி, நல்லெண்ணெயில் பொரிக்கச் சொல்கிறது அது. படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நோன்பு மாதத்தில் மட்டாஞ்சேரியிலும், நம் ஊர்ப் பள்ளிவாசல் தெருக்களிலும் கைகள் செய்வது அப்படியே இதுதான். எட்டு நூற்றாண்டுகளில் பூரணமும் எண்ணெயும் மாறின, மடிப்பு மாறவில்லை.

பிறை வடிவத்தின் வழி இவ்வளவு நேரானதல்ல. இந்தோனேசியாவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் அவித்த முட்டையும் வைத்துப் பொரிக்கும் பிறைப் பண்டத்துக்கும் பாஸ்டல் என்றே பெயர். இலங்கைத் தமிழர் வீடுகளின் பற்றீஸும் அதே உருவம். வடமலபார் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கோழி அடையும் ஓரம் கிள்ளிய பிறைதான், அதனால் பிறை யூதருக்கே உரியது என்று சொல்லவும் இடமில்லை. போர்த்துகீசியக் கப்பல் தொட்ட கரைகளில் பெயரும் பிறையும் சேர்ந்தே கிடைப்பதால், மட்டாஞ்சேரிக்கு இரண்டும் அந்தக் கப்பலோடு வந்தன என்ற பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் அலெப்போவிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் பார்த்து அந்நியப் பண்டம் என்று நினைத்திருக்க மாட்டாள். பெயர் புதிதாக இருந்திருக்கும், உருவம் அவள் வீட்டு உருவம்.

இனி செய்முறைக்கு வருவோம். உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

சமூசாவின் மாவு இரண்டு முறை வேகிறது. பூரி அளவு தேய்த்த வட்டங்களுக்கு நடுவே எண்ணெய் தடவி, மாவு தூவி, நான்கைந்தை அடுக்கி, ஒன்றாகப் பெரிதாகத் தேய்க்க வேண்டும். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, சூடு ஆறும் முன் ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுக்க வேண்டும். சிவந்துவிட்டால் மடிக்கும்போது ஒடியும். வாட்டம் குறைந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழியும். பிரித்த தாளைப் பட்டைகளாக வெட்டி ஈரத்துணிக்குள் வைக்கிறார்கள். ஏற்கெனவே பாதி வெந்த தாள் என்பதால் எண்ணெயில் சில நிமிடங்களில் மொறுமொறுப்பாகிவிடுகிறது.

பாஸ்டலின் மாவு பச்சை மாவு. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து, ஊறவைத்து, தேய்த்த கையோடு பூரணம் வைக்க வேண்டும். மாவு தடிமனானது. நடுத்தரச் சூட்டில் பொறுமையாகப் பொரித்தால்தான் உள்வரை வேகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே பொன்னிறம், உள்ளே பச்சை வாடை. என் முதல் ஈடு முழுவதும் அப்படித்தான் போயிற்று. இரண்டாவது ஈட்டில் உள்ளே சிக்கிய காற்றை அழுத்தி வெளியேற்ற மறந்தேன். பூரணத்தின் ஈரம் ஆவியாகிக் கிள்ளிய ஓரத்தைப் பிளந்துவிட்டது. முட்டைகோஸ் துண்டுகள் சட்டி முழுக்க மிதந்தன.

காய்கறிப் பூரணத்தில் இரண்டுக்கும் பொதுவான எதிரி அந்த ஈரம்தான். சமூசாவுக்கு வெங்காயத்தையும் முட்டைகோஸையும் மெல்லியதாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, நீரைப் பிழிந்து எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தாள் நனைந்து கிழியும். பாஸ்டல் அந்த ஈரத்தை உருளைக்கிழங்கிடம் ஒப்படைக்கிறது. வதக்கிய வெங்காயம், கேரட், முட்டைகோஸோடு மசித்த கிழங்கு சேர்ந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பதும் உண்டு.

இறைச்சியில் தொடங்கிய பண்டம் காய்கறிக்கு வந்தது எப்படி? பதினான்காம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் பயணி இபின் பதூதா கண்ட சமூசக்கில் கொத்திறைச்சியும் பாதாமும் பிஸ்தாவும் இருந்தன, நெய்யில் பொரித்திருந்தார்கள். உருளைக்கிழங்கும் மிளகாயும் அப்போது இந்தியாவையே எட்டியிருக்கவில்லை. மட்டாஞ்சேரியில் குஜராத்தித் தெரு என்றே ஒன்று உண்டு. புலால் தொடாத வணிகர்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். அவர்களுக்கு விற்க வேண்டுமானால் பூரணம் காய்கறியாகத்தான் இருந்தாக வேண்டும். யூத வீட்டின் காரணம் வேறு. சமய முறைப்படி அறுத்த இறைச்சியைத்தான் அவர்கள் உண்ணலாம், இறைச்சியோடு பாலும் நெய்யும் சேரக்கூடாது. காய்கறிப் பாஸ்டலை எண்ணெயில் பொரித்துவிட்டால் அது எந்தச் சாப்பாட்டோடும் சேரும். ஒரு வீட்டில் வாடிக்கையாளரும் மறுவீட்டில் விதியும் ஒரே சட்டிக்கு வழிகாட்டியிருக்கின்றன.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. சமூசா நோன்பு திறக்கும் பண்டம். மதியமே மடித்து அடுக்கி வைத்துவிட்டு, மக்ரிப் பாங்குக்குச் சற்று முன் பொரித்தால் போதும். சூடாக இருக்கும்போது அதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆறினால் நமத்துவிடும். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலைக்குப் பின் அடுப்பு மூட்டாத யூத வீட்டுக்கோ ஆறினாலும் சுவை குன்றாத பண்டம் வேண்டும். தடித்த மாவுப் பாஸ்டல் மறுநாள் காலையிலும் தின்ன நன்றாகவே இருக்கிறது. தொழுகை நேரம்தான் மாவின் தடிமனைத் தீர்மானித்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் இவ்வளவு பொருந்திப் போவதைப் பார்க்காமல் கடக்கவும் முடியவில்லை.

இன்று மட்டாஞ்சேரித் தெருவில் சமூசா கிடைக்கும், பாஸ்டலைத் தேட வேண்டும். யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள் என்பது முதல் காரணம். அது மட்டுமல்ல. சமூசாவைப் பிரித்துச் செய்யலாம். தாள் ஒருவர் போடுவார், மடிப்பது இன்னொருவர், பொரிப்பது கடைக்காரர். தாள் பாக்கெட்டாகவே விற்கிறது. அதனால் அது தொழிலாக மாற முடிந்தது. பாஸ்டலில் பிசைவதிலிருந்து பொரிப்பதுவரை ஒரே மேசையில், ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும். பூரணம் வைத்த பச்சை மாவு காத்திருக்காது. வீட்டை நம்பி இருந்த பண்டம், வீட்டார் புறப்பட்டபோது கூடவே போய்விட்டது. நெகேவ் பாலைவன ஓரத்தில் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதிம் போன்ற ஊர்களில்தான் அதன் சமையலறைகள் இப்போது இருக்கின்றன.

மூன்றாவது ஈட்டுக்கு நான் அம்மாவின் சோமாசிக் கரண்டியை எடுத்தேன். பல்சக்கரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே அழுத்தியது. காற்றையும் மறக்காமல் வெளியேற்றியிருந்தேன். தேங்காயெண்ணெயில் இறக்கிய பன்னிரண்டு பிறைகளில் ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை.