ஒரு மின்வேதியியலாளரின் அடுப்புக் கணக்கு

மின்வேதியியல் படித்தவர்களுக்கு 'போக்ரிஸ் – ரெட்டி' என்பது ஒரு புத்தகத்தின் பெயர். 1970இல் இரண்டு தொகுதிகளாக வந்த அந்தப் பாடநூலின் ரெட்டி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அமுல்ய ரெட்டி (1930–2006). மின்முனைகளை ஆராய்ந்தவர், பின்னாளில் சாணத்துக்கும் விறகுக்கும் கணக்கெழுத உட்கார்ந்தார்.

1974இல் கழகத்துக்குள்ளேயே ஊரகத் தொழில்நுட்பத்துக்கென 'அஸ்த்ரா' என்ற அமைப்பு உருவாக அவர் காரணமானார். தும்கூர் மாவட்டத்து உங்ராவில் அதற்குக் களநிலையம். ஆய்வுக்குழு சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், எத்தனை கிலோ விறகு, தண்ணீருக்கு எத்தனை நடை என்று கேட்டுக் குறித்தது. கிராமம் செலவிடும் எரிசக்தியில் பெரும்பங்கு சமையல் விறகு. அதைச் சுமந்து வருவதில் பெரும்பாடு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நிலக்கரி டன்னும் மின்சார யூனிட்டும் எண்ணிய திட்ட அறிக்கைகளில் அந்தத் தலைச்சுமைக்கு ஒரு பத்தி கூடக் கிடையாது.

பக்கத்துப் பூரா கிராமத்தில் சாண எரிவாயுக் கலன் அமைத்தபோது முதல் நோக்கம் சமையல்தான். சாணம் போதவில்லை. ஊராருக்கு அதைவிட அவசரமாக வேண்டியிருந்தது குடிதண்ணீர். திட்டத்தை மாற்றினார்கள். 1987 முதல் அந்த வாயு எஞ்சினை ஓட்டியது. எஞ்சின் ஜெனரேட்டரை ஓட்டியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது, வீடுகளில் விளக்கெரிந்தது. கொடுத்த சாணத்துக்கு ஈடாகக் கசடு உரமாக வீட்டுக்கே திரும்பியது. சாணம் சுமந்து வந்தவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. விஞ்ஞானி தன் திட்டத்தை ஊரார் சொல்கேட்டு மாற்றிக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கலன் கட்ட எத்தனையோ பேருக்குத் தெரியும்.

கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் செயலராக இருந்ததில் அரசு நடக்கும் விதமும் அவருக்கு அத்துப்படி. 1987இல் மாநில மின்திட்டக் குழு, 2000ஆம் ஆண்டுக்கென மலைக்கவைக்கும் மின்தேவையைக் காட்டியது. அதற்காகக் கோடி கோடியாகக் கொட்டினாலும் பற்றாக்குறை தீராது என்றும் அதே அறிக்கை சொன்னது. ரெட்டியும் சகாக்களும் மாற்றுக்கணக்கு போட்டார்கள். எத்தனை யூனிட் வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எத்தனை வீட்டுக்கு வெளிச்சம், எத்தனை ஏக்கருக்குப் பாசனம் என்று தொடங்கினார்கள். வந்த விடை, குழு சொன்ன மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு.

மிச்சம் எங்கிருந்து வந்தது? குண்டு பல்புக்குப் பதில் சிஎஃப்எல். குளியலறைக் கீசருக்குப் பதில் மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்க் கலன். பாசன மோட்டாருக்கு உரசல் குறைந்த ஃபுட் வால்வு. மின்நிலையங்களையும் இவற்றையும் ஒரே பட்டியலில், யூனிட்டுக்கு என்ன செலவு என்ற வரிசையில் அடுக்கினார் ரெட்டி. அரசு அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில், கிணற்றுக்குள் கிடக்கும் ஃபுட் வால்வு பெரிய மின்நிலையங்களுக்கு மேலே, மலிவான இடத்தில் இருந்தது.