முனையம் பெயர்ந்த பின்: இராயபுரம் இரயில் நிலையமும் வடசென்னையின் சரக்கு நிலமும்

இராயபுரம் இரயில் நிலையம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் 1856 ஜூலை 1 என்னும் ஒரே நாளைச் சுற்றியே அமைகின்றன. சென்னை இரயில்வே நிறுவனம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கி.மீ. இருப்புப்பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாள் அது. பம்பாய் (1853), ஹவுரா (1854) ஆகிய இடங்களின் தொடக்ககால நிலையக் கட்டடங்கள் மறைந்துவிட, இராயபுரத்தின் கட்டடம் எஞ்சி நிற்பது இந்நினைவை மேலும் வலுப்படுத்துகிறது. எனினும் தொன்மைப் பெருமையை மட்டும் முன்னிறுத்துவது, நிலையம் தன் சுற்றுப்புறத்தை எவ்வாறு மாற்றியது என்னும் வினாவை மறைத்துவிடுகிறது. அம்மாற்றம் 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே ஆழமாக வேர்கொண்டது எனலாம்.

தொடக்க முனையமாக இராயபுரம் தெரிவானதற்குக் கறுப்பர் நகர வணிகமும் கடற்கரையும் அருகிலிருந்தமை முக்கியக் காரணமாகும். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே சரக்குகளையும் பயணிகளையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தன. ஆகவே இரயில் முதலில் சந்தித்தது துறைமுகத்தையன்று, படகோட்டிகளின் உழைப்பையே. இவ்வுண்மை இரயில்வே ஆவணங்களிலிருந்து மட்டும் புலப்படாது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்புப்பாதை பொதுப்பணித் துறை நடவடிக்கைகளிலும், நிலம் வருவாய் வாரிய நடவடிக்கைகளிலும், கடற்கரைப் படகுகள் கடல்துறைப் பதிவுகளிலும் தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன. மைல்களையும் வருவாயையும் கணக்கிடும் தொகுதி படகோட்டியைப் பேசுவதில்லை. படகுக் கட்டணத்தைப் பேசும் தொகுதி இரயிலைப் பேசுவதில்லை. ஒரு துறையின் கோப்புகளை மட்டும் நம்பி எழுதப்படும் இரயில் வரலாறு, அத்துறையின் பார்வையையே வரலாறாகக் கொள்ள நேர்கிறது.

பயணிகள் சென்ட்ரலுக்குப் பெயர்ந்தனர், சரக்கு பெயரவில்லை. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகப் பணி 1881 புயலில் சிதைந்து மீண்டும் நடைபெற்றது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதற்கு முன் இரயில்வேப் பொறியாளராக நெடுங்காலம் பணியாற்றியவர் என்பது தற்செயலன்று. கப்பலும் சரக்குப் பெட்டியும் ஒரே ஒழுங்கில் இணையவேண்டும் என்ற நோக்கு அவர் காலத்தில் வலுப்பெற்றது. 1908இல் உருவான மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேயின் தலைமையகம் 1922 வரை இராயபுரத்திலேயே இருந்தது. இதன் விலையைக் கரையோர மீனவர் குடியிருப்புகள் செலுத்தின. துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணலோட்டத்தைத் தடுத்தமையால் தெற்கே மெரினா விரிந்தது, வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. நகரம் கொண்டாடும் கடற்கரையும் அது இழந்த கடற்கரையும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகளாகும்.

வடக்கே எண்ணூரை நகரத்தோடு முதலில் நெருக்கமாக இணைத்தது இரயிலன்று, 1806இல் வெட்டப்பட்டுப் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியான நீர்வழியே. 1899இல் விஜயவாடா–சென்னை இருப்புப்பாதை நிறைவுற்றபோது திருவொற்றியூரும் எண்ணூரும் கல்கத்தா செல்லும் நெடும்பாதையில் அமைந்தன. பின்னர் எழுந்த தீக்குச்சி ஆலையும், 1948இல் தோன்றிய அசோக் லேலண்டும், 1955இல் தோன்றிய என்ஃபீல்டும் இப்பாதையை ஒட்டியே நிலைகொண்டன. தீக்குச்சி ஆலையின் பெயரை ஏற்ற ‘விம்கோ நகர்’ நிலையம், இன்று மெட்ரோ நிலையமாகவும் அப்பெயரையே தாங்குகிறது.