இரண்டு மறுப்பு வாக்குகள்

1964 ஓகஸ்ட் 7ஆம் திகதி வியட்நாம் போருக்கான கதவை அமெரிக்கக் காங்கிரஸ் திறந்துவிட்டது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக 416 வாக்குகள். எதிர்த்து ஒருவரும் இல்லை. விவாதம் நாற்பது நிமிடங்களில் முடிந்தது. செனட்டில் 88 பேர் ஆதரித்தார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். ஒருவர் ஒரேகன் மாநிலத்தின் வேய்ன் மோர்ஸ். மற்றவர் அலாஸ்காவின் ஏர்னஸ்ட் குரூனிங்.

நான் வசிப்பது ஒரேகனில். இங்கே யூஜீன் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மோர்ஸின் பெயர்தான். அந்த வழியால் போகும் இளையவர்கள் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. எங்கள் வீடுகளில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கும் தெரியாது. ஆனால் இந்த நாடு வெளியே போய்ச் செய்யும் போர்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பலவற்றை அவர் அன்றைக்கே சபையில் எழுந்து கேட்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஓகஸ்ட் 2ஆம் திகதி டொங்கின் வளைகுடாவில் மடொக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் மூன்று படகுகள் தாக்கின. அது உண்மை. 4ஆம் திகதி இரவு இன்னொரு தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. அன்றிரவே ஜனாதிபதி ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார். வட வியட்நாம் கரையோரத்தில் விமானங்கள் குண்டு வீசின. அதில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி எவரெட் அல்வாரெஸ் எட்டு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்து 1973இல்தான் வீடு திரும்பினார். அந்த இரண்டாவது தாக்குதலோ நடக்கவேயில்லை. கப்பலில் இருந்த தளபதி ஹெரிக், அன்றே, சில மணி நேரத்துக்குள், மோசமான காலநிலையும் பதற்றத்தில் இருந்த சோனார் இயக்குநர்களும் காரணமாக இருக்கலாம், முழுமையாக ஆராயவேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார். தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்றாசிரியர் எழுதிய ஆய்வும் தாக்குதல் நடக்கவில்லை என்றே சொன்னது. அந்த ஆய்வு வெளியானது 2005இல்.

மோர்ஸ் எப்படி மறுத்தார்? இரண்டாவது தாக்குதல் பொய்யென்று அவருக்கும் அன்று தெரியாது. அவர் பிடித்துக்கொண்டது வேறு இரண்டு விடயங்களை. ஒன்று, அந்தக் கப்பல் அங்கே நின்ற அதே நாட்களில், அமெரிக்காவின் திட்டப்படி தென் வியட்நாம் படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தன. அப்படியிருக்க, காரணமில்லாமல் எங்களைத் தாக்கினார்கள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். இரண்டு, அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸினுடையது; அதை வெற்றுக் காசோலையைப் போல ஜனாதிபதியின் கையில் கொடுக்க இந்தச் சபைக்கு உரிமை இல்லை. அவர் சட்டக் கல்லூரித் தலைவராக இருந்தவர். போரே கூடாது என்பவர் அல்லர். நடைமுறை சரியாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர். சக உறுப்பினர்களுக்கு அவர் ஒரு தலையிடி.

தீர்மானத்தைச் செனட்டில் வழிநடத்திய வில்லியம் ஃபுல்பிரைட்டின் நிலையையும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் ஜோன்சனின் நண்பர். அது தேர்தல் வருடம். எதிரே நின்ற பாரி கோல்ட்வோட்டர் இன்னும் பெரிய போர் கேட்பவர் என்று பலர் பயந்தார்கள். ஜோன்சனின் கையைப் பலப்படுத்தினால் பெரிய போர் வராது என்று ஃபுல்பிரைட் நம்பினார். பதினெட்டு மாதங்களுக்குள் அந்த நம்பிக்கை உடைந்தது. 1966 பெப்ரவரியில் தன் வெளியுறவுக் குழுவில் போரைப் பற்றிய விசாரணையை அவரே நடத்தினார். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. சோவியத் யூனியனை மட்டுப்படுத்தும் கொள்கையை வகுத்த ஜோர்ஜ் கெனன் அங்கே வந்து, வியட்நாமில் அமெரிக்காவுக்கு இவ்வளவு பெரிய நலன் எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னார். கேட்கவேண்டிய கேள்விகள் கேட்கப்பட்டன. ஆனால் இரண்டு இலட்சத்துக்கும் கூடிய படையினர் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

விலையைப் பார்ப்போம். வொஷிங்டனில் உள்ள கறுப்புக் கல் சுவரில் 58,000க்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. 1968இல் வருமான வரியின் மேல் 10 வீதம் மேலதிக வரி வந்தது. வறுமை ஒழிப்புக்கென்று ஒதுக்கிய பணம் போரில் கரைகிறது என்று மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரலில் நியூயோர்க் ரிவர்சைட் தேவாலயத்தில் பேசினார். இவையெல்லாம் அமெரிக்கக் கணக்கு. வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இறந்த பொதுமக்கள் மட்டும் இருபது இலட்சம். பக்கத்து லாவோஸில் ஒன்பது வருடங்களில் இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் குண்டுகள் வீசப்பட்டன. அவற்றில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடப்பவை இன்றும் உழுகிறவர்களையும் விளையாடும் சிறுவர்களையும் கொல்கின்றன. மிதிவெடி அகற்றும் பலகை தொங்கும் வயல்களை வன்னியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு தடங்கல் வருகிறது. அதை மறைக்கமுடியாது. 2009இன் முதல் மாதங்களில் எங்களில் எத்தனை பேர், முல்லைத்தீவுக் கரைக்கு ஓர் அமெரிக்கக் கப்பல் வராதா என்று செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்! வெள்ளை மாளிகையின் முன்னால் பதாகையோடு நின்றவர்கள் கேட்டது அதைத்தான். கொசோவோவுக்குப் போனீர்களே, எங்களிடம் ஏன் வரவில்லை என்றோம். 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்த கொரியாவின் தெற்குப் பாதி இன்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்று சொல்பவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் நிற்பவனுக்கு வெளியிலிருந்து வரும் படை ஒரு கொள்கைப் பிரச்சினை அல்ல. ஆகவே, அமெரிக்கா எங்கேயும் எப்போதும் போகக்கூடாது என்று ஒரு வரியில் முடித்துவிட என்னால் இயலவில்லை.

மோர்ஸ் எனக்கு உதவுவது இங்கேதான். போவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் வரும் கேள்விகளை அவர் கேட்டார். சொல்லப்படும் காரணம் உண்மையா? யார் தீர்மானிக்கிறார்கள்? எது நடந்தால் திரும்பி வருவோம்? விலையை யார் கொடுப்பார்கள்? காப்பாற்றப் போகிற படையும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். பதில் சொல்லாமல் போகிற படை, காப்பாற்றவென்று போனாலும் எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது.

2001 செப்டெம்பர் 14 அன்று அதே சபைகளில் இன்னொரு வாக்கெடுப்பு. செனட்டில் 98க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பொலிஸ் காவல் கொடுக்கவேண்டியிருந்தது. அறுபது சொற்களில் அடங்கிய அந்த அனுமதியை வைத்துக்கொண்டு ஆப்கானிஸ்தானில் மட்டுமன்றி யேமனிலும் சோமாலியாவிலும் தாக்குதல்கள் நடந்தன. அடுத்த வருடம் ஈராக் தீர்மானம் வந்தபோது, 1964இல் ஆம் என்று வாக்களித்த முதியவர் ரொபர்ட் பேர்ட், அந்த வாக்குக்காக வருந்துவதாகச் சொல்லி இம்முறை எதிர்த்தார். 23 பேர் மறுத்தார்கள், 77 பேர் ஆதரித்தார்கள்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். வியட்நாமுக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இருந்தது, வரியும் ஏறியது. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் போர் தட்டியது. ஆகவே விவாதமும் வீட்டுக்குள் வந்தது. 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு முடிந்தது. 2001க்குப் பிந்திய போர்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் நடந்தன. போர் நடக்கும்போதே, 2003இல், வரியைக் குறைத்தார்கள். அந்தப் போர்களின் செலவை எட்டு ட்ரில்லியன் டொலர் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2021இல் மதிப்பிட்டது. அந்தக் கடனின் வட்டியை இன்று பள்ளிக்கூடம் போகும் எங்கள் பிள்ளைகளும் கட்டுவார்கள். விலை கண்ணுக்குத் தெரியாதபோது போர் இருபது வருடம் நீள்கிறது. ஆப்கானிஸ்தானில் அதுதான் நடந்தது.

போருக்குத் தப்பி வந்தவர்கள் நாங்கள். குடியுரிமை எடுத்த நாளிலிருந்து போருக்குப் பணம் கொடுப்பவர்களும் நாங்கள்தான். இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் இருக்கின்றன. வாக்குச் சீட்டும் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத் தொலைபேசி இலக்கமும் எங்கள் கையிலும் உள்ளன. எங்களுக்காகக் குரல் கொடுங்கள் என்று கேட்க அந்த இலக்கத்தை அழைத்திருக்கிறோம். இன்னொரு நாட்டு மக்களின் மேல் குண்டு போடமுன் நாலு கேள்வி கேளுங்கள் என்று சொல்லவும் அதே இலக்கம் போதும்.

மோர்ஸும் குரூனிங்கும் 1968இல் தங்கள் பதவிகளை இழந்தார்கள். டொங்கின் தீர்மானத்தை 1971 ஜனவரியில் காங்கிரஸ் நீக்கியது. 1973இல், நிக்சனின் மறுப்பையும் மீறி, ஜனாதிபதியின் போர் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த வருடம் இருவரும் சில வாரங்கள் இடைவெளியில் இறந்தார்கள். மோர்ஸ் அப்போது இழந்த பதவிக்காக மறுபடியும் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். சைகோன் விழுந்தது 1975 ஏப்ரல் 30ஆம் திகதி. தங்கள் வாக்கு சரியென்று நிரூபணமான அந்த நாளை இருவரும் பார்க்கவில்லை.